பொதுக்கூடம் தோட்டத்துக்கு அப்பால் வேண்டாம்

கூடத்தைப் பெரிதாக்க வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். 20 வீட்டுக் கூட்டுக் குடியிருப்பில் (தனித்தனி வீடு, சேர்ந்து சாப்பிடப் பொது இடம்) பொதுச் சாப்பாட்டுக்கூடத்தைத் தோட்டத்துக்கு அப்பால் வரைந்துவிட்டு, யாரும் வரமாட்டார்களோ என்று கேட்கிறீர்கள். பயம் நியாயமானதுதான். கார் நிறுத்துமிடத்துக்கும் வீடுகளுக்கும் நடுவில் கூடம் வர வேண்டும்.

காரணம் பெரும்பாலும் நடைவழிதான். அதற்கென்றே கிளம்ப வேண்டிய இடத்துக்குத் தினமும் யார் போவார்கள்? காய்கறிப் பையோடு வீடு திரும்புகிறவர், ஜன்னல் வழியே நாலு பேர் வெங்காயம் உரிப்பதைப் பார்த்தால் ஒரு நிமிஷம் எட்டிப்பார்ப்பார். அந்த ஒரு நிமிஷம் போதும்.

ஒன்று செய்து பாருங்கள். வரைபடத்தில் ஒவ்வொரு வீட்டு வாசலிலிருந்தும் கேட் வரை பென்சிலால் கோடு போடுங்கள். முக்கால்வாசிக் கோடுகள் கூடத்தை ஒட்டிப் போகவில்லை என்றால் இடம் தப்பு.

டென்மார்க்கில், யூஸ்ட்ரப் ஊரில் 1984-இல் கட்டிய சாவ்வேர்கெட் என்ற கூட்டுக் குடியிருப்பில் 21 வீடுகளையும் கண்ணாடிக் கூரை போட்ட தெருவாலேயே இணைத்துவிட்டார்கள். குளிர்நாட்டுக்குச் சரி; வெயில் ஊரில் அதே கூரை போட்டால் வெந்துபோவீர்கள்.

அப்புறம், எதிரொலி. டைல்ஸ் தரை, வெறும் கான்கிரீட் கூரை என்றால் 30 பேர் சாப்பிடும்போது காது வலிக்கும். இடம் சரியாக இருந்தாலும் தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஒலியை உறிஞ்சும் பலகைக்கு இப்போதே பட்ஜெட்டில் ஒதுக்கிவிடுங்கள்.