பெட்ரோலியம் என்ஜினீயரிங் சேர்க்கலாமா? ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

ஐயா, நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். இயற்கை எரிவாயு இன்னும் எத்தனை வருஷம் ஓடும் என்பது ஒன்று. பெட்ரோலியம் என்ஜினீயரிங் படித்தால் மகளுக்கு வேலை கிடைக்குமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் ஓரளவு நல்லதாகவே இருக்கிறது. அதனால் இரண்டாவதற்கும் நல்ல பதில்தான் என்று நினைத்துவிடாதீர்கள்.

உலகம் செலவழிக்கும் எரிசக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு எரிவாயு. இந்தியாவில் 6, 7 சதவீதம்தான். 2030க்குள் அதை 15 சதவீதமாக்குவது அரசின் இலக்கு. அது எட்டுமா என்பது பெரிய சந்தேகம், காரணம் விலை. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வெப்பத்தை பிடியு என்ற அலகில் அளப்பார்கள். ஒரு யூனிட் மின்சாரம் 3,412 பிடியு வெப்பத்துக்குச் சமம். பாதி வெப்பத்தை மின்சாரமாக்கும் நல்ல நிலையத்துக்கே ஒரு யூனிட்டுக்குச் சுமார் 6,800 பிடியு எரிவாயு வேண்டும். பத்து லட்சம் பிடியு, அதாவது ஒரு எம்எம்பிடியு, 12 டாலருக்கு வருகிறது என்றால் ஒரு யூனிட்டுக்கு எரிபொருள் செலவு மட்டும் 8 சென்ட். டாலர் 85 ரூபாய் என்றால் 7 ரூபாய். பகலில் சூரிய மின்சாரம் இரண்டரை, மூன்று ரூபாய்க்குக் கிடைக்கும்போது இதை யார் வாங்குவார்கள்? நாட்டில் 20,000 மெகாவாட் அளவுக்கு எரிவாயு மின்நிலையங்கள் கட்டி வைத்தும், வருஷத்தின் பெரும்பகுதி அவை சும்மா கிடப்பது இதனால்தான். வெயில் இறங்கிய பிறகு சட்டென்று தேவை ஏறும்போது சில நிமிஷங்களில் ஓடத் தொடங்குவது எரிவாயு டர்பைனின் பலம். அந்த வேலைக்கு அது இருக்கும். நிலக்கரியின் இடத்தை முழுசாக எரிவாயு பிடிக்கும் என்ற பேச்சை மட்டும் நம்ப வேண்டாம்.

எரிவாயு நிலைத்து நிற்கப்போவது வேறு இடங்களில். யூரியா ஆலைக்கு அது எரிபொருள் மட்டுமல்ல, மூலப்பொருளும்கூட. கண்ணாடி, டைல்ஸ் சூளைகள், வீட்டுக் குழாய் எரிவாயு, சிஎன்ஜி இவையும் உண்டு. ஆனால் விலை ஆடினால் இவர்களும் ஆடுவார்கள். 2020இல் ஆசியச் சந்தையில் எல்என்ஜி, அதாவது கப்பலில் வரும் திரவ எரிவாயு, ஒரு எம்எம்பிடியு 2 டாலருக்கும் கீழே போனது. உக்ரைன் போருக்குப் பிறகு, 2022இல், 50 டாலரைத் தாண்டியது. வங்கதேசமும் பாகிஸ்தானும் வாங்க முடியாமல் மின்வெட்டில் தவித்தன. குஜராத்தில் மோர்பி டைல்ஸ் ஆலைகள் பல புரொப்பேனுக்கு மாறிக்கொண்டன. இந்த ஆட்டத்துக்குப் பயந்துதான் நீண்டகால ஒப்பந்தங்கள் போடுகிறார்கள். கத்தாரிலிருந்து ஆண்டுக்கு 75 லட்சம் டன் வாங்கும் ஒப்பந்தத்தை எல்என்ஜி இறக்குமதி நிறுவனமான பெட்ரோநெட் 2024இல் 2048 வரை நீட்டித்தது. 2048இல் உங்கள் மகளுக்கு நாற்பது வயது இருக்கும். அதற்கப்புறமும் இருபது வருஷம் அவர் வேலை பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

இனி படிப்பு. பெட்ரோலியம் என்ஜினீயரிங் பெரும்பாலும் கிணறு சம்பந்தப்பட்டது: துளையிடுவது, பூமிக்கடியில் இருப்பைக் கணிப்பது, மேலே எடுப்பது. கச்சா எண்ணெய் விலை விழுந்தால் முதலில் நிற்பது இந்த வேலைதான். 2014 நடுவில் ஒரு பீப்பாய் 100 டாலருக்கு மேல் இருந்த விலை 2016 ஜனவரியில் 30க்குக் கீழே வந்தபோது உலகம் முழுக்க கிணறு துளையிடும் ரிக் நிறுவனங்கள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. 2020இல் மறுபடியும் அதே கதை. உள்ளூரிலேயே வேலை என்ற நினைப்பும் வேண்டாம். 2020இல் வந்த வேளாண் மண்டலச் சட்டம் காவிரி டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுத் துரப்பணத்துக்குத் தடை போட்டிருக்கிறது. அசாம், ராஜஸ்தான், மும்பைக் கடல் என்று போகத் தயாராக இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஆள் தேவைப்படுவது கிணற்றில் அல்ல, குழாயில். எண்ணூரில் ஆண்டுக்கு 50 லட்சம் டன் கொள்ளளவுள்ள எல்என்ஜி முனையம் 2019 முதல் இருக்கிறது. மைனஸ் 162 டிகிரியில் திரவமாகக் கப்பலில் வந்து இறங்குவதை மறுபடி வாயுவாக்கிக் குழாயில் அனுப்புகிறார்கள். மாவட்டம் மாவட்டமாக நகர எரிவாயு நிறுவனங்கள் குழாய் பதிக்கின்றன. இங்கே கேட்பது மெக்கானிக்கல், கெமிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன், எலக்ட்ரிகல். கெயில் போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் கேட் (GATE) நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை வைத்து ஆள் எடுக்கும்போதும் வழக்கமாக இந்தப் பிரிவுகள்தான். எரிவாயு சரிந்தாலும் இந்தப் பட்டங்கள் சரியாது.

வேலை எப்படிப்பட்டது என்று மகளுக்குக் காட்ட ஒரு சின்ன உதாரணம். தெருவுக்குள் வரும் பாலிஎத்திலீன் குழாய்களை எலக்ட்ரோஃபியூஷன் முறையில் இணைப்பார்கள். குழாயை நேராக வெட்டி, மேற்பரப்பை மெல்லியதாகச் சுரண்டி, ஆல்கஹாலில் துடைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கி, கப்ளர் என்ற இணைப்புத் துண்டுக்குள் மின்சாரம் செலுத்தினால் இரண்டும் உருகி ஒட்டும். சுரண்டாமல் விட்டாலோ, ஆறுவதற்குள் கிளாம்பைக் கழற்றினாலோ ஒட்டு மேலோட்டமாக நிற்கும். அழுத்தச் சோதனையில் பாஸ் ஆகிவிடும். மாதங்கள் கழித்துக் கசியும். வெயிலில் குழிக்குள் நிற்கும் ஆள் அந்த ஆறும் நேரத்தைக் குறைக்காமல் பார்த்துக்கொள்வது களத்தில் நிற்கும் இளம் என்ஜினீயரின் வேலை. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் கலந்தால் தீப்பற்றும். இங்கே அலட்சியத்துக்கு இடமில்லை.

கசிவைக் கண்டுபிடிப்பதே இப்போது தனித் தொழிலாக வளர்கிறது. இருபது வருஷக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கு மேல் சூடேற்றும் என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இறக்குமதி எரிவாயுவுக்கும் கசிவுக் கணக்குக் கேட்கும் சட்டம் போட்டுவிட்டது. இன்னொன்று, சாண எரிவாயுவைச் சுத்திகரித்து இதே குழாயில் கலப்பது. நகர எரிவாயு நிறுவனங்கள் 2028-29 முதல் 5 சதவீதம் கலந்தாக வேண்டும். எரிவாயு எங்கிருந்து வந்தாலும் குழாய், வால்வு, மீட்டர், கம்ப்ரஸர் தெரிந்தவருக்கு வேலை உண்டு.

கட்-ஆஃப் போதவில்லை என்றால் கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் பெட்ரோலியம் சீட் எடுப்பதைவிட, பாலிடெக்னிக்கில் இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ படித்து, பிறகு நேரடி இரண்டாம் ஆண்டில் பி.இ. சேர்வது எனக்குச் சரியாகப் படுகிறது.

கவுன்சலிங்கில் விருப்பப் பட்டியல் நிரப்பும்போது பெட்ரோலியத்தை முழுசாக விட்டுவிட வேண்டாம். நல்ல அரசுக் கல்லூரி என்றால் மட்டும், கெமிக்கலுக்கும் மெக்கானிக்கலுக்கும் கீழே போடுங்கள். அதற்கு முன் மகளை ஒரு கண் மருத்துவரிடம் அழைத்துப்போய் நிறப்பார்வையைச் சோதித்துவிடுங்கள். பொதுத்துறை எண்ணெய், எரிவாயு நிறுவனங்களின் களப்பணிக்கு அந்தச் சோதனை உண்டு; நாலு வருஷம் படித்து, தேர்வில் தேறி, மருத்துவப் பரிசோதனையில் திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.