பிளாஸ்டர் வெட்டியாச்சு, கை நீளவில்லை

இயன்மருத்துவத்தில் (பிசியோதெரபியில்) வேலை செய்வதால் கேள்விகளுக்குக் குறைவில்லை. இந்த முறை வந்தவற்றில் சில.

சாவகச்சேரித் தாய்: மகனுக்கு 9 வயது. மாமரத்தால் விழுந்து முழங்கைக்கு மேலே முறிவு. பிளாஸ்டர் வெட்டி 10 நாள், கை முழுதாக நீளவில்லை. எண்ணெய் பூசி உருவி இழுத்துவிட வேண்டும் என்று மாமி ஒற்றைக்காலில் நிற்கிறா.

பதில்: வேண்டாம் அம்மா. முழங்கை பொல்லாத மூட்டு. காயம்பட்ட முழங்கையைப் பலவந்தமாக உருவி நீட்டினால் தசைக்குள்ளேயே எலும்பு வளரத் தொடங்கலாம். இருக்கிற அசைவும் போய்விடும். வாளியைத் தூக்கிக் கையைத் தொங்கவிடச் சொல்வார்கள், அதுவும் கூடாது. அவனே மடக்கி நீட்டட்டும். சோற்றை அந்தக் கையால் சாப்பிடட்டும், சட்டைப் பொத்தானைப் போடட்டும், சுவரில் பந்தை உருட்டி மேலே ஏற்றட்டும். இந்த வயதில் அசைவு பெரும்பாலும் தானாகவே திரும்பும், ஆனால் சில மாதங்கள் எடுக்கலாம். விரல் விறைத்தால், அல்லது கை நீளும் அளவு கூடாமல் குறைந்துகொண்டே போனால், கிளினிக் திகதிவரை காத்திருக்காதீர்கள். மாமிக்கு என் பெயரைச் சொல்லுங்கள், கோபம் என்னோடு போகட்டும்.

கோண்டாவில், 58 வயது: விழவில்லை, அடிபடவில்லை. இடது தோள் இறுகிவிட்டது, முதுகு தேய்க்கக் கை எட்டவில்லை. சீனி வருத்தம் உண்டு.

பதில்: சீனி வருத்தக்காரருக்கு இந்தத் தோள் இறுக்கம் அதிகம் வரும். முதலில் நோகும், பிறகு இறுகும், பிறகு மெல்ல இளகும். 1 முதல் 3 வருடம்வரை இழுக்கும். நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, நோகிற கையைத் தொங்கவிட்டுச் சின்ன வட்டம் போடுங்கள். சீனியையும் கட்டுக்குள் வைத்திருங்கள்.

பருத்தித்துறைத் தம்பி: கணுக்கால் இரண்டாம் தரமும் பிரண்டது. நோ போய்விட்டது. ஞாயிறு மட்ச் விளையாடலாமா?

பதில்: அந்தக் காலில் மட்டும் நின்று கண்ணை மூடுங்கள். ஆடுகிறீர்களா? அப்படியென்றால் இந்த ஞாயிறு கோட்டுக்கு வெளியே. நோ போனாலும், மூட்டுத் தடுமாறும்போது தசைகள் உடனே பிடிக்கும் பழக்கம் திரும்பியிருக்காது. பல் தீட்டும்போதெல்லாம் ஒற்றைக்காலில் நின்று பழகுங்கள். துள்ளித் திரும்பவும் முடிந்த பிறகுதான் பூட்ஸ்.

மானிப்பாய் மகள்: அம்மாவுக்கு இடுப்புப் பந்து மாற்றினார்கள். பயத்தில் படுத்தே இருக்கிறா.

பதில்: படுக்கைதான் ஆபத்து. சளி கட்டும், காலில் இரத்தம் உறையும். சத்திரசிகிச்சை முடிந்த மறுநாளே எழுப்புவது இதற்காகத்தான். வோக்கரோடு வீட்டுக்குள் நடக்கட்டும், இருக்க உயரமான கதிரை, கொமட். தேங்காய் துருவத் திருவலையில் குந்துவதும் காலுக்கு மேல் கால் போடுவதும் டொக்டர் விடும்வரை இல்லை. கெண்டைக்கால் வீங்கி நொந்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி.

நல்லூர்: முறிவுக்குப் பரியாரியாரிடம் (நாட்டு வைத்தியரிடம்) கட்டுப் போடலாமா?

பதில்: முதலில் எக்ஸ்ரே. கட்டு எங்கே போட்டாலும் விரல் நீலமாகினால் உடனே கழற்ற வேண்டும்.