கடவுச்சொல் சரி, பைட் சரியில்லை: வாசகர் கேள்விகள்

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரத்துக்கு ஆர்டர் தளம் வைத்திருக்கிறோம். கடவுச்சொல்லை ஹாஷாக (மீட்டெடுக்க முடியாத குறியீட்டுச் சரமாக) மாற்றிச் சேமிக்க, பழைய எம்டி5 முறையை விட்டு பிகிரிப்ட் முறைக்கு மாறியதிலிருந்து, புதிதாகப் பதிவு செய்தவர்கள் ஒருவராலும் உள்ளே நுழைய முடியவில்லை.

பதில்: கடவுச்சொல் நெடுவரிசையின் அகலத்தைப் பாருங்கள். எம்டி5-க்கு வைத்த 32 எழுத்து அப்படியே இருக்கும். பிகிரிப்ட் தருவது 60. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் ஸ்ட்ரிக்ட் மோடு (பொருந்தாத மதிப்பை ஏற்க மறுக்கும் அமைப்பு) அணைந்திருந்தால் மிச்சம் 28-ஐ வெட்டிவிட்டு வெறும் எச்சரிக்கையோடு போய்விடும். அகலத்தை 255 ஆக்குங்கள். வெட்டுப்பட்டதை மீட்க முடியாது. அவர்களுக்குப் புதிய கடவுச்சொல் வைக்கும் இணைப்பை அனுப்புங்கள்.

பழைய எம்டி5 ஹாஷ்களையும் அப்படியே விட்டுவைக்காதீர்கள். அந்த 32 எழுத்துச் சரத்தையே இன்றே பிகிரிப்டுக்குள் போட்டுவிடலாம். நுழையும்போது எம்டி5, அதன்மேல் பிகிரிப்ட் என்று சோதித்து, பொருந்தியதும் நேரடி பிகிரிப்ட் ஹாஷாக மாற்றி எழுதுங்கள். எம்டி5-இன் 16 பைட் மூல வடிவத்தை மட்டும் கொடுக்கக் கூடாது: இடையில் பூஜ்ய பைட் வந்தால் பிகிரிப்ட் அங்கேயே நின்றுவிடும், அல்லது பிழை காட்டும்.

கேள்வி: ஏற்காட்டில் விடுதி முன்பதிவுத் தளம். கணினியில் ‘கோரிமேடு’ என்று தமிழிலேயே கடவுச்சொல் வைத்த ஊழியருக்கு, கைபேசியில் அதையே அடித்தால் தவறு என்று வருகிறது.

பதில்: ‘கோ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்று. அல்லது ககரம், இரட்டைக் கொம்பு, துணைக்கால் என்று தனித்தனியாக மூன்று. திரையில் வேறுபாடே தெரியாது. முதல் விதத்தில் கோரிமேடு 24 பைட், இரண்டாவதில் 27. ஹாஷுக்குக் கண் கிடையாது, பைட்தான் தெரியும்.

ஹாஷ் செய்வதற்கு முன் என்எஃப்சி (யூனிகோடின் சேர்த்தெழுதும் பொது வடிவம்) வடிவத்துக்கு மாற்றுங்கள். பிஎச்பி மொழியில் இன்ட்ல் நீட்சியின் நார்மலைசர் போதும். இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 8265-உம் கடவுச்சொல்லுக்கு இதையே சொல்கிறது. பதிவு, நுழைவு, மாற்றம் மூன்று இடத்திலும் ஒரே சார்பை அழையுங்கள். ஏற்கெனவே சேமித்த ஹாஷ்களுக்கு பயனர் அடித்து வந்த வடிவம், என்எஃப்சி, என்எஃப்டி (பிரித்தெழுதும் வடிவம்) மூன்றையும் சோதித்து, பொருந்தியதும் புதுப்பியுங்கள். ‘கௌ’வுக்குப் பதில் ஒற்றைக் கொம்போடு ளகரம் போட்டு ‘கெள’ என்று அடித்தால் என்எஃப்சி அதைத் திருத்தாது. திருத்தவும் கூடாது, அது வேறு எழுத்து.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். பிகிரிப்ட் முதல் 72 பைட்டைத்தான் பார்க்கும். தமிழில் ஒரு குறிக்கு (தனி எழுத்தோ, கொம்பு போன்ற துணைக்குறியோ) 3 பைட் என்பதால் 24 குறியோடு எல்லை முடிகிறது. கோரிமேடு என்று மூன்று முறை எழுதினாலே 72 நிறைந்துவிடும். அதன்பின் அஸ்தம்பட்டி என்று சேர்த்தாலும் கொண்டலாம்பட்டி என்று சேர்த்தாலும் கதவு திறக்கும். நீள வரம்பை எழுத்தில் வைக்காமல் பைட்டில் வையுங்கள், அல்லது ஆர்கான்2ஐடி என்ற வேறு ஹாஷ் முறைக்கு மாறுங்கள்.

கேள்வி: சேர்வராயன் மலைக் காபித் தோட்டத்தின் வருகைப் பதிவு. எக்செலில் இருந்து சிஎஸ்வி ஏற்றினோம். முதல் வரிசைக்காரரின் பயனர்பெயரை மட்டும் கணினி ஏற்கவில்லை.

பதில்: கோப்பின் தலையில் பிஓஎம் (குறியாக்கத்தைச் சொல்லும், கண்ணுக்குத் தெரியாத அடையாளம்) என்ற 3 பைட் ஒட்டியிருக்கிறது. அது முதல் கட்டத்தோடு சேர்ந்துவிட்டது. படிக்கும்போதே நீக்குங்கள். கடைசி நெடுவரிசை கடவுச்சொல் என்றால், விண்டோஸ் வரிமுடிவின் மிச்சம் அதில் ஒட்டாதபடியும் பாருங்கள். ஒட்டினால் ஒருவராலும் நுழைய முடியாது.

கேள்வி: மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் தலையில் கோடு போட்ட ஏ எழுத்தாகவும் வட்டத்துக்குள் ஆர் குறியாகவும் தெரிகின்றன. சில இடங்களில் வெறும் கேள்விக்குறி.

பதில்: ‘சேலம்’ என்ற மதிப்பு இருக்கும் வரிசையில் பைட்களை எண்ணிச் சொல்லும் லெங்த் சார்பை ஓட்டுங்கள். 15 என்றால் பைட்கள் சரி, நெடுவரிசையின் குறியாக்க முத்திரைதான் லத்தீன்1 (ஐரோப்பிய எழுத்துகளுக்கானது) என்று தவறாக இருக்கிறது: முதலில் வார்பைனரி (வெறும் பைட் வகை) ஆக்கி, பிறகு யூடிஎஃப்8எம்பி4 (தமிழையும் தாங்கும் யூனிகோடு குறியாக்கம்) வார்கேர் (எழுத்து வகை) ஆக்குங்கள். நேரடியாக மாற்றினால் கெட்டுப்போகும். 31 என்றால் இரட்டைக் குறியாக்கம், அதாவது யூனிகோடு பைட்களை லத்தீன்1 என்று எண்ணி மறுபடி யூனிகோடாக்கியது: லத்தீன்1-க்கு மாற்றி, பைனரியாக எடுத்து, யூடிஎஃப்8எம்பி4 என்று வாசிக்கச் செய்யுங்கள். 5 என்றால் உள்ளே இருப்பதே கேள்விக்குறிகள். பழைய காப்பு நகலைத்தான் தேட வேண்டும். எதைத் தொடும் முன்பும் காப்பு எடுத்துவிட்டு, இணைப்புச் சரத்திலும் யூடிஎஃப்8எம்பி4 குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் நாளை வரும் பெயர்களும் இதே கதிதான்.