டயர் தூசியும் எட்டு வயதுப் பையனின் இருமலும்

கேள்வி: தர்மபுரி மாவட்டம் தொப்பூர் கணவாய் அருகே, நெடுஞ்சாலையை ஒட்டி எங்கள் வீடு. ஜன்னலை எத்தனை முறை துடைத்தாலும் துணி கறுப்பாகிறது. எட்டு வயது மகனுக்கு இரண்டு மாதமாக ராத்திரியில் இருமல். டயர், பாலியஸ்டர் துணியிலிருந்து வரும் மைக்ரோபிளாஸ்டிக் (நுண்ணிய பிளாஸ்டிக் துகள்) ரத்தத்தில் கலக்கும் என்கிறார்கள். ரத்தப் பரிசோதனை செய்யலாமா? தண்ணீரைக் காய்ச்சினால் பிளாஸ்டிக் போகுமா?

மருத்துவர் பதில்: அந்தப் பரிசோதனை வேண்டாம். 2022-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் 22 பேரில் 17 பேரின் ரத்தத்தில் பிளாஸ்டிக் துகள் இருந்தது உண்மைதான். ஆனால் எவ்வளவு இருந்தால் நோய் என்ற அளவு இன்னும் வகுக்கப்படவில்லை. ரிப்போர்ட் வந்தாலும் அதைப் பார்த்து மருந்து எழுத முடியாது. 'நச்சு நீக்கும்' பொடிகளுக்கும் காசைக் கரைக்காதீர்கள்.

இருமலைத் தள்ளிப்போடாதீர்கள். ராத்திரி இருமல் ஆஸ்துமாவாக இருக்கலாம்; மூச்சுத் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி கருவியில் எட்டு வயதுப் பிள்ளையால் ஊத முடியும். இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்பதால் காசநோய்ப் பரிசோதனையும் அவசியம், அரசு மருத்துவமனையில் இலவசம். மூச்சை இழுக்கும்போது விலா உள்வாங்கினால் அன்றே கொண்டு போங்கள்.

இனி அந்தக் கறுப்பு. பாரம் ஏற்றிய லாரி பிரேக் பிடித்து இறங்கும் இடத்தில் டயர் அதிகமாகத் தேயும். எழுத்தை அழிக்கும்போது ரப்பர் திரிதிரியாக உருண்டு வருமே, டயர் துகளும் அதே வடிவம்தான், முடி கனத்தில். அதோடு டீசல் கரி, பிரேக் தூள், மண் எல்லாம் சேர்ந்திருக்கும். பெரிய துகள் மூக்கிலேயே தங்கிவிடும். 10 மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) குறைந்ததுதான் நெஞ்சுக்குள் இறங்கும். விளக்குமாறு போட்டால் அது மறுபடி கிளம்பும். பழைய பருத்தி வேட்டியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள். சாலைப் பக்க ஜன்னலைச் சாத்தி, பின்பக்க ஜன்னலைத் திறந்து வையுங்கள். அவன் படுக்கையும் பின்னறைக்குப் போகட்டும்.

புது பாலியஸ்டர் சீருடை முதல் சில சலவையில்தான் அதிகம் நார் உதிர்க்கும். மெஷினை நிறைத்து, பச்சைத் தண்ணீரில், குறைந்த நேரம் ஓட்டுங்கள். வடிப்பையில் சேரும் பஞ்சைக் குழாயடியில் அலசாமல் குப்பையில் போடுங்கள். துணியைச் சாலைப் பக்கம் உலர்த்த வேண்டாம்.

சுண்ணாம்பு அதிகமுள்ள கடினத் தண்ணீரை ஐந்து நிமிடம் கொதிக்கவைத்தால் படியும் சுண்ணாம்பு துகள்களையும் பிடித்துக்கொள்ளும். ஆறியபின் தெளிவை வடிகட்டலாம். ஆனால் தர்மபுரி போர் தண்ணீரில் ஃபுளோரைடு உண்டு, காய்ச்சினால் அது போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். பையனின் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் என்று உறுதியாகத் தெரிந்தது அதுதான். குடிக்க மட்டுமல்ல, சோறு வடிக்கவும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையே பிடித்து வையுங்கள்.