அப்பாவின் கடை மூடிய வருடத்தில் கல்லூரிச் சேர்க்கை: உதவித்தொகை, கல்விக்கடன் கிடைக்குமா?

கேள்வி கேட்ட தங்கை சொல்லியிருப்பது இது. அப்பா ஜவுளிக் கடையை மார்ச்சில் மூடிவிட்டார், வங்கிக் கடன் நிற்கிறது, கவுன்சலிங்கில் சுயநிதிக் கல்லூரியில் இன்ஜினீயரிங் சீட்டு வந்திருக்கிறது. போன வருட வருமான வரிக் கணக்கில் ஏழு லட்சம் இருப்பதால் ‘உனக்கெல்லாம் எதுவும் வராது’ என்று ஊரில் சொல்கிறார்களாம்.

ஊரில் சொல்வது தப்பு. அந்த ஏழு லட்சத்தை வைத்துக்கொண்டே மூன்று கதவைத் தட்டலாம். முதல் பட்டதாரி கல்விக் கட்டணச் சலுகைக்கு வருமான வரம்பே கிடையாது. குடும்பத்தில் அதுவரை யாரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது, கவுன்சலிங் சீட்டாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு மாறினால் சலுகை போய்விடும். இரண்டாவது, ஏஐசிடிஇ என்ற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் பிரகதி உதவித்தொகை: பெண்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், குடும்ப வருமானம் 8 லட்சம் வரை, தேர்வு மதிப்பெண்படி. முதலாண்டில் சேரும்போதே போட்டால்தான் உண்டு (டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டு சேர்பவர்கள் அப்போது போடலாம்). ‘அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்’ என்று விட்டால் விட்டதுதான். மூன்றாவது பிஎம் வித்யாலட்சுமி: 8 லட்சம் வரை வருமானமுள்ளவர்களுக்கு 10 லட்சம் வரையான கடனில் 3 சதவீத வட்டி மானியம். ஆனால் கல்லூரி அந்தத் திட்டத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். வேறு அரசு உதவித்தொகையோ வட்டி மானியமோ வாங்கினால் இந்த மானியம் வராது. இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

இனி இப்போதைய வருமானம். எஸ்சி, எஸ்டி, பிசி, எம்பிசி உதவித்தொகைகளுக்கு வரம்பு 2.5 லட்சம், கல்விக்கடன் முழு வட்டி மானியத்துக்கு 4.5 லட்சம். இதற்கெல்லாம் வட்டாட்சியர் அலுவலக வருமானச் சான்றுதான் செல்லும், சம்பளச் சீட்டு செல்லாது. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால் விஏஓ, வருவாய் ஆய்வாளர் (ஆர்ஐ) வழியாக மேலே போகும். மையத்தில் இருக்கும் பையன் அவசரத்தில் அப்பாவின் தொழில் ‘வியாபாரம்’ என்று தட்டிவிடுவான். பக்கத்தில் நின்று திரையைப் பாருங்கள். அப்பா இப்போது வேறொரு கடையில் 15,000 சம்பளத்துக்கு நிற்கிறார், அம்மா தையலில் 4,000 சம்பாதிக்கிறார் என்றால் மாதம் 19,000, ஆண்டுக்கு 2,28,000. அம்மாவின் நாலாயிரத்தையும் சேர்த்தே எழுதுங்கள். விஏஓ தெருவில் விசாரித்தால் தையல் மிஷின் சத்தம் கேட்கத்தான் செய்யும்.

கடை மூடியதற்கு ஆதாரம் இல்லாமல் போகாதீர்கள். ஜிஎஸ்டி பதிவு ரத்தான உத்தரவு, கடையைக் காலி செய்ததற்கு உரிமையாளர் கொடுத்த கடிதம், நடப்புக் கணக்கின் ஓராண்டு ஸ்டேட்மென்ட். மார்ச்சுக்குப் பிறகு வரவு நின்றிருப்பது அதிலேயே தெரியும். விண்ணப்பத்தோடு ஏற்றிவிட்டு, நகல் ஒரு செட்டை விஏஓ கையிலும் கொடுங்கள். ஸ்கேன் கோப்பு பெரிதாக இருந்தால் தளம் ஏற்காது. மையத்திலேயே சுருக்கித் தரச் சொல்லுங்கள்.

‘பொய்ச் சான்று வாங்க வழி சொல்கிறான்’ என்று கமென்ட் போட வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். சில படிவங்கள் முந்தைய நிதியாண்டு வருமானத்தைத்தான் கேட்கும். அந்த இடத்தில் ஏழு லட்சம் என்றுதான் எழுத வேண்டும். எந்த ஆண்டு என்று படித்துப் பார்த்து எழுதச் சொல்கிறேன், குறைத்து எழுதச் சொல்லவில்லை.

பணம் வராமல் போவதற்குப் பெரும்பாலும் வருமானம் காரணமாக இருப்பதில்லை, பெயர்தான் காரணம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். மார்க்‌ஷீட்டில் ‘கவிதா எம்’, ஆதாரில் ‘எம் கவிதா’, வங்கியில் ‘கவிதா முருகேசன்’. இது மூன்றும் கணினிக்கு மூன்று பெண்கள். படிவத்தில் ‘சர்நேம்’ கட்டத்தைக் கட்டாயமாக்கி வைத்தவர் ஒரு நாள் மதுரைக்கு வந்து தெருவில் நாலு பேரிடம் சர்நேம் கேட்டுப் பார்க்க வேண்டும். அது ஒரு பக்கம் இருக்கட்டும், மார்க்‌ஷீட்டில் உள்ளபடி ஆதாரையும் பாஸ்புக்கையும் முதலில் திருத்துங்கள். ஆதாரோடு கடைசியாக எந்த வங்கிக் கணக்கு இணைந்திருக்கிறதோ அங்கேதான் உதவித்தொகை போகும். நடுவில் வேறு கணக்கு தொடங்கி அதில் ஆதாரை இணைத்திருந்தால் பணம் அங்கே விழுந்திருக்கும். தேசிய உதவித்தொகைத் தளத்தில் போட்ட விண்ணப்பத்தைக் கல்லூரி சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். பிரிண்ட் எடுத்து ஸ்காலர்ஷிப் பிரிவில் கொடுத்து, நிலை மாறியதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள்.

அடுத்து வங்கி. 7.5 லட்சம் வரை கடன் உத்தரவாதத் திட்டம் இருப்பதால் சொத்து அடமானம் கேட்கக் கூடாது. 4 லட்சம் வரை கைப்பணமும் போட வேண்டியதில்லை, அதற்கு மேல் 5 சதவீதம். தவணை தொடங்குவது படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பிறகு. சிக்கல் அப்பாவின் சிபில், அதாவது வாங்கிய கடனை எப்படிக் கட்டினார் என்ற பதிவு. பெற்றோர் இணைக் கடன்தாரர் என்பதால் கடைக் கடன் பாக்கி முதல் பக்கத்திலேயே தெரியும். மறைக்க முடியாது, மறைக்கவும் வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை இலவச அறிக்கை உண்டு; முதலில் அதை எடுத்து நீங்கள் படியுங்கள். பேரம் பேசிக் குறைத்துக் கட்டிய கடன் ‘செட்டில்ட்’ என்றுதான் நிற்கும், ‘க்ளோஸ்ட்’ ஆகாது. அப்பாவின் பதிவு மோசமாக இருந்தால், அம்மாவையோ சம்பளம் வாங்கும் தாய்மாமாவையோ இணைக் கடன்தாரராக ஏற்பார்களா என்று மேனேஜரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

கல்லூரியிலிருந்து வாங்கும் கட்டண விவரக் கடிதத்தில் நாலு வருடமும் இருக்க வேண்டும். முதலாண்டு மட்டும் இருந்தால் கடனும் அந்த அளவுக்கே கணக்காகும், பிறகு ஒவ்வொரு வருடமும் கெஞ்ச வேண்டும். ஹாஸ்டல், மெஸ், தேர்வுக் கட்டணம், புத்தகம், லேப்டாப் எல்லாவற்றையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

வங்கியில் ‘கடன் இல்லை’ என்று வாயால் சொன்னால் ஏற்காதீர்கள். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி நிராகரிக்க மேலதிகாரியின் ஒப்புதலும் எழுதிய காரணமும் வேண்டும். வங்கிக்குப் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கடன் கொடு என்று அவர் உத்தரவு போட மாட்டார், அது வங்கியின் வணிக முடிவு. தாமதத்தையும் பதில் தராததையும் கேட்பார்.

இதெல்லாம் நடக்க மாதங்கள் ஆகும், முதல் செமஸ்டர் கட்டணம் அதற்குள் வந்துவிடும். கெடு முடியும் முன்பே கல்லூரி முதல்வருக்குத் தவணை கேட்டுக் கடிதம் கொடுங்கள், கடன் விண்ணப்ப எண்ணையும் எழுதி. நகலில் ‘பெறப்பட்டது’ முத்திரை வாங்குங்கள்.

சேர்க்கையன்று ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்பார்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பது யுஜிசியின் 2018 அறிவிப்பு. வங்கியிலும் ஒரிஜினலைக் காட்டச் சொல்வார்கள் என்பதால் அன்றே திரும்பக் கேளுங்கள். தராவிட்டால், என்னென்ன வாங்கிக்கொண்டார்கள் என்று கல்லூரி முத்திரையோடு எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.