கடிக்க வரும் நாய்க்குத் தீராத காது வருத்தம்: மருந்து விடுவது எப்படி?

நாயின் காதுத் துவாரம் நேராக உள்ளே போவதில்லை. கீழிறங்கி, பிறகு உள்பக்கம் திரும்பும். சிங்க் குழாயின் எல்போ வளைவில் அழுக்குத் தங்குவதுபோல அங்கே மெழுகும் ஈரமும் தங்கி, பக்டீரியாவும் ஈஸ்ட்டும் பெருகும். இது திரும்பத் திரும்ப வந்தால் நாட்பட்ட காதழற்சி. அதற்கு அடிப்படைக் காரணம் பெரும்பாலும் தோல் ஒவ்வாமை. மட்டக்களப்பு வாவியில் நீந்தும் நாய்க்கு ஈரமும் சேர்ந்துகொள்ளும்.

காதைத் தொட்டதும் கடிக்க வருவது பெரும்பாலும் வலியால்தான், குணக்கேட்டால் அல்ல. அமுக்கிப் பிடித்து மருந்து விட்டால் அடுத்த முறை போத்தலைக் கண்டதுமே ஓடும். ஆகவே முதல் சுத்தத்தை மிருக வைத்தியரிடம் மயக்க மருந்துடன் செய்யுங்கள். செவிப்பறையையும் அப்போதே பார்த்துவிடலாம். அது கிழிந்திருந்தால் சில சொட்டுமருந்துகள் கேட்கும் திறனையே கெடுக்கும். காது அழுக்கை நுணுக்குக்காட்டியில் பார்த்தால்தான் எந்தக் கிருமி என்று தெரியும். (வலிக்கென்று நீங்களாகப் பனடோல் கொடுக்காதீர்கள்.)

வலி குறைந்ததும் வீட்டில் தொடரலாம். காது கழுவும் திரவத்தைப் பீய்ச்சும் சத்தத்துக்கு மிரண்டால், அதில் தோய்த்த பஞ்சு உருண்டையைக் காது வாயில் வைத்து, காதின் அடிப்பகுதியை 30 விநாடி பிசையுங்கள். உதறவிட்டு, துடைத்து, சற்றுக் காய்ந்தபின் சொட்டுமருந்து. பஞ்சுக்குச்சி வேண்டாம், அழுக்கை வளைவுக்குள் தள்ளிவிடும்.

காதின் கெட்ட மணம் நின்றதும் சுகமாகிவிட்டது என்று பலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். உள்வளைவில் கிருமி மிச்சமிருக்கும், நிறுத்தலாமா என்பதை மறுபரிசோதனைதான் சொல்லும்.