‘சு’ என்றால் யாருடையது?

ஏற்காட்டில் குடும்பத்தின் காப்பித் தோட்டத்தைக் கவனித்தபடியே ஸ்பானிய மொழி கற்றுவரும் வாசகி ஒருவர், ‘அவர்களுடைய தோட்டம்’ என்பதற்குத் தாம் எழுதிய ‘சுஸ் ஃபிங்கா’ ஏன் தவறு என்றும், உடைமையைச் சொல்லும் முறையை எங்கிருந்து தொடங்கிக் கற்பது என்றும் கேட்டிருக்கிறார்.

உரியவர்கள் பலர் என்பதால் நீங்கள் பன்மையை நாடியிருக்கிறீர்கள். ஆனால் ஸ்பானிய மொழியில் அந்தச் சொல் உரியவரைப் பார்ப்பதில்லை. உடைமைப் பொருளைத்தான் பார்க்கிறது. தோட்டம் ஒன்று என்றால் ‘சு ஃபிங்கா’, தோட்டங்கள் பல என்றால், உரியவர் ஒருவரே ஆனாலும், ‘சுஸ் ஃபிங்காஸ்’. என் என்னும் பொருள் தரும் ‘மி’, உன் என்னும் பொருள் தரும் ‘து’ ஆகியவையும் இப்படியே ‘மிஸ்’, ‘துஸ்’ என மாறும். எங்கள், நம் என்னும் பொருள் தரும் ‘நுவெஸ்த்ரோ’வோ பொருளின் பாலையும் கேட்கும். ஃபிங்கா பெண்பால் என்பதால் ‘நுவெஸ்த்ரா ஃபிங்கா’, காப்பி ஆண்பால் என்பதால் ‘நுவெஸ்த்ரோ காஃபே’. எங்கள், நம் என்று நாம் காக்கும் வேறுபாடு அங்கே இல்லை.

அவனுடைய, அவளுடைய, அவர்களுடைய, மரியாதையாக உங்களுடைய ஆகிய அனைத்துக்கும் ‘சு’ ஒன்றே என்பதுதான் உண்மையான சிக்கல். பேச்சின் சூழலில் குழப்பம் வருமானால் ‘லா ஃபிங்கா தே எயா’ (அவளுடைய தோட்டம்), ‘லா ஃபிங்கா தே எயோஸ்’ (அவர்களுடைய தோட்டம்) என்று விரித்துச் சொல்வதே நல்லது.

இந்தத் ‘தே’தான் நம் ‘உடைய’. ஆனால் வரிசை தலைகீழ். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில், ஏறும்போது முதலில் கடந்தது இறங்கும்போது கடைசியாக வருவதைப் போல, ‘என் அப்பாவின் நண்பரின் வீட்டின் சாவி’ என்பது ‘லா யாவே தே லா காசா தெல் அமிகோ தே மி பாத்ரே’ ஆகிவிடும்: சாவி, வீடு, நண்பர், அப்பா. இதில் ‘தெல்’ என்பது ‘தே’யும் ஆண்பால் சுட்டுச்சொல்லான ‘எல்’லும் சேர்ந்த வடிவம். ஆனால் ‘அவன்’ என்னும் பொருளுடைய ‘எல்’ வந்தால் இரண்டும் சேர்வதில்லை. நம் பேச்சில் ‘எங்க அப்பா’ என்பது இயல்பு. ஸ்பானிய மொழியில் தனியொருவர் ‘மி பாத்ரே’ என்பதே வழக்கம்.

ஆங்கிலத்தின் வழியாகக் கற்பவர்கள் மிகவும் தடுமாறும் ஓரிடத்தில் தமிழ் உங்களுக்குப் பெருந்துணை. ‘என் தலை வலிக்கிறது’ என்பதைவிட ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்பதே நமக்கு இயல்பு அல்லவா? ஸ்பானிய மொழியும் அச்சாக அப்படியே ‘மே துவேலே லா காபேஸா’ என்கிறது. இதில் ‘மே’ என்பது எனக்கு. உடல் உறுப்புக்கு முன் ‘மி’ தேவையில்லை. கை கழுவுவதையும் ‘மே லாவோ லாஸ் மானோஸ்’ என்பார்கள். இந்தத் துணையை நம்பி ‘எனக்கு இரண்டு சகோதரர்கள்’ என்பதற்கும் ‘மே’யைத் தேடாதீர்கள், அங்கே ‘தெனேர்’ என்னும் வினை வந்து, ‘தெங்கோ தோஸ் எர்மானோஸ்’ என்று நீங்களே எழுவாய் ஆகிவிடுவீர்கள்.

‘தே கியேன் எஸ்?’, அதாவது இது யாருடையது என்று ஒரு புத்தகத்தைக் காட்டிக் கேட்டால், பெண்ணாகிய நீங்களும் ‘எஸ் மீயோ’ என்றே சொல்ல வேண்டும், புத்தகம் ஆண்பால். தோட்டத்தைக் காட்டிக் கேட்டால் ‘எஸ் மீயா’ என்று சொல்லுங்கள்.